ராஜாவுக்கு ஒரு கைகொடுப்போம்

1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது இளையராஜாவிடம் லேப்டாப் இல்லை. பாவம், வயலின்காரர்களை வரிசையாக உட்காரவைத்து, ஆளாளுக்கு நோட்ஸ் எழுதிக்கொடுத்து அல்லாடியிருக்கிறார். அந்தக் குறையை நம் ரீமிக்ஸ் தம்பிகள் தீர்த்துவிட்டார்கள். 'இளைய நிலா' கிடாருக்கு அடியில் 'டும் டும்' போட்டாயிற்று. எஸ்.பி.பி. மூச்சுவிடும் இடத்தில்கூட ஒரு 'டும்'. சும்மா விடலாமா இடத்தை? இப்படிச் சீர்திருத்திய பாட்டையெல்லாம் ஒரே பென் டிரைவில் திரட்டியும் வைத்தாயிற்று. ஒவ்வொன்றும் பல்லவி தாண்டுவதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடலாம். சரணம் என்னும் தொல்லையே இல்லை.

இப்போது ஒரு தம்பி இன்னும் முன்னேறிவிட்டார். 'இளைய நிலா'விலிருந்து 'டும் டும்' முழுவதையும் எடுத்துவிட்டு, நிஜக் கிடாரோடு 'அல்டிமேட் ரீமிக்ஸ்' போட்டிருக்கிறார். அச்சு அசலாக 1982 'பயணங்கள் முடிவதில்லை' கேசட் மாதிரியே இருக்கிறது. அந்தப் பழைய கேசட்டை வைத்திருப்பவர்கள் உடனே அழித்துவிடுங்கள். தம்பி காப்புரிமை கேட்டு வழக்குப் போடலாம்.