பிரெஞ்சு சக்கரமும் அரியூர் சாலையும்

கேள்வி: குறைந்த பணத்தில் ரோடு பைக் வாங்கினால் எதைப் பார்ப்பது, பெயின்ட்டையா சக்கரத்தையா? (ஒரு வாசகர், அரியூர்)

பதில்: சக்கரத்தை. பெயின்ட் பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்கு.

ரோடு பைக் டயரில் 700சி என்று எழுதியிருக்கும். அது பிரெஞ்சுக்காரர் வைத்த அளவு. 1954இல் அவர்கள் புதுச்சேரியை விட்டுப் போனார்கள், இது போகவில்லை. 700 என்பது டயரோடு சேர்த்த உத்தேச வெளிவிட்டம், மில்லிமீட்டரில். ரிம்மில் டயர் உட்காரும் இடம் 622தான். தாத்தாவின் 28 அங்குல சைக்கிளுக்கோ 635. பதின்மூன்றே மில்லிமீட்டர் வித்தியாசம், ஆனாலும் அதன் டயர் இதற்குச் சேராது.

அரியூரிலிருந்து வில்லியனூர் போய்வர கார்பன் ஃபிரேம் வீண், அலுமினியம் போதும். 28 அல்லது 32 மி.மீ. டயர் நுழைய ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா என்பதே முக்கியம். ரிம் இரட்டைச் சுவர் அலாயாக, 32 கம்பியோடு இருக்கட்டும். ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். 20 கம்பிச் சக்கரம் அழகு. ஒன்று அறுந்தால் ரிம் வளைந்து பிரேக் கட்டையில் உரசும், பிறகு தோளில்தான் சவாரி.

பழைய வண்டியானால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் நடுவே உள்ள சந்தைப் பார்க்க வேண்டும். அது அகன்று குறுகினால் கோட்டம். கோட்டம் எடுத்துவிடலாம், பிரேக் தேய்த்துக் குழிந்த ரிம்மை எதுவும் செய்ய முடியாது.

வால்வும் பிரெஞ்சு வகையாக இருந்தால் சாதாரண பம்ப் பிடிக்காது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.