காலாவதியாகாத பாக்கி

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர் முதல் காரியமாக நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன கத்தோலிக்கப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லக் கூடாது என்று ஞாயிறு மறைக்கல்வியில் படித்தவன், உள்ளதை உள்ளபடி எழுதிவிடுவான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது, வருமான வரிக்குப் பக்கத்தில் திருச்சபை வரி என்று இன்னொரு பிடித்தம் உட்கார்ந்திருக்கும். வருமான வரித் தொகையில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் 8. பிடித்தவர் பங்குத்தந்தை அல்ல. அவர் பாவம், பல ஊர்களில் அவரே கேரளத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ ஆள் பற்றாக்குறைக்குப் போனவர். வாங்கிக் கொடுப்பது அரசாங்கத்தின் வரி அலுவலகம்.

சீசரின் பங்கையும் கடவுளின் பங்கையும் தனித்தனியாக வைக்கச் சொன்னவர் ஏசு. ஜெர்மனியின் சீசர் சாமர்த்தியசாலி. இரண்டையும் தானே வசூலித்து, 2 முதல் 4 சதவீதம் வரை கமிஷன் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடவுளின் கணக்கில் போட்டுவிடுகிறார். கத்தோலிக்கத் திருச்சபைக்கும் புராட்டஸ்டண்ட் திருச்சபைக்குமாக இப்படிப் போகும் தொகை ஆண்டுக்கு 1,200 கோடி யூரோவுக்கு மேல். உண்டியல் குலுக்கும் கையில் அரசு முத்திரை மோதிரம். அரசுத் திருச்சபை என்று ஒன்று கிடையாது என 1919-லேயே அரசமைப்புச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். எழுதி வைப்பதில் ஜெர்மானியரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

விசுவாசம் போய்விட்டது, வேண்டாம் என்று பங்குத்தந்தையிடம் சொன்னால் அவர் உங்களுக்காக ஜெபிப்பார், பிடித்தம் நிற்காது. அதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் கோர்ட்டுக்கோ பதிவு அலுவலகத்துக்கோ போக வேண்டும். முன்கூட்டியே நேரம் வாங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பல ஊர்களில் 30 யூரோவை ஒட்டிய கட்டணமும் கட்டி, கடவுளோடு கணக்கு முடிக்க வேண்டும். நரகத்துக்குப் போவதென்றாலும் ரசீது உண்டு. 2021-ல் கொலோன் நகரக் கோர்ட்டில் விலகுவதற்கு நேரம் கேட்டவர்களின் நெரிசலில் இணையச் சர்வரே படுத்துவிட்டது. 2022-ல் மட்டும் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள்.

வரி கட்டாமல் விசுவாசியாகவே இருந்துவிட முடியாதா என்று கேட்கிற அப்பாவிகளுக்கு, 2012-ல் ஆயர்கள் ஓர் ஆணையில் பதில் சொன்னார்கள். விலகியவருக்கு நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, ஞானப் பெற்றோராக நிற்கவும் முடியாது. மனம் வருந்தாமல் செத்தால் திருச்சபை அடக்கத்தையும் மறுக்கலாம். பாவங்களில் எத்தனையோ வகை உண்டு. மின்வாரியக்காரன் மாதிரி இணைப்பைத் துண்டிக்க வைக்கிற பாவம் இது ஒன்றுதான் போலிருக்கிறது. இத்தாலியக் கால்பந்து வீரர் லூக்கா டோனி, பாயர்ன் மியூனிக் அணிக்கு ஆடப் போனவர். மதமற்றவர் என்று பதிவாகியிருந்த அவர் உண்மையில் கத்தோலிக்கர் என்பது பிறகு தெரியவந்தது. பாக்கியும் அபராதமுமாக 15 லட்சம் யூரோவுக்கு மேல் கேட்டார்கள். காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகும் நல்ல மேய்ப்பன், இந்த முறை ரசீதுப் புத்தகத்தோடு போயிருக்கிறார்.

இதுவாவது உறுப்பினர் சந்தா என்று தள்ளிவிடலாம். சேராதவருக்கு வரியில்லை, விலகினால் விட்டுவிடுகிறார்கள். நான் வயிறெரிவது வேறொரு தொகைக்காக. ஹாம்பர்க், பிரேமன் தவிர மற்ற எல்லா மாநிலங்களும் ஆண்டுதோறும் பொது வரிப்பணத்திலிருந்து இரண்டு திருச்சபைகளுக்கும் கொடுக்கிற சுமார் 60 கோடி யூரோ. இதற்கு மதக்கட்டம் கிடையாது. டோர்ட்முண்டில் பஸ் ஓட்டும் துருக்கி முஸ்லிமும், ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் தேரிழுக்கும் ஈழத்தமிழரும், சாமியே இல்லை என்பவரும், கோர்ட்டுக்குப் போய் 30 யூரோ கட்டி விலகியவரும், எல்லாரும் சேர்ந்து கட்டுகிறார்கள். பல மாநிலங்களில் ஆயர்களின் சம்பளத்துக்கு ஆதாரம் இந்தப் பணம்தான். சம்பளம் வாங்கும் ஆயர் பதவியேற்குமுன் மாநில முதல்வர் எதிரில் நின்று அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கிறார். இது 1933 ஜூலையில் வாத்திக்கான் ஹிட்லர் அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்து. ஹிட்லர் போனார், அவருடைய சட்டங்களில் பெரும்பாலானவை போயின, இந்த ஒப்பந்தம் செல்லும் என்று 1957-ல் அரசமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எதற்காக இந்த 60 கோடி? இழப்பீடாம். எந்த இழப்பு? 1803-ல் நடந்தது.

கதை இதுதான். நெப்போலியன் ரைன் நதிக்கு மேற்கேயிருந்த நிலத்தையெல்லாம் பிரான்சோடு சேர்த்துக்கொண்டார். அங்கே நிலமிழந்த ஜெர்மன் சிற்றரசர்கள் அழுதார்கள். அவர்களின் கண்ணீரைத் துடைக்க, கிழக்கே ஆயர்களும் மடங்களும் ஆண்ட நாடுகளைப் பிரித்துக் கொடுப்பதென்று 1803 பிப்ரவரி 25-ல் ரேகன்ஸ்பர்க்கில் தீர்மானம் போட்டார்கள். ஆண்ட நாடுகள் என்று சொன்னது வாய்தவறி வந்ததில்லை. அந்த ஆயர்கள் செங்கோலும் சிறையும் வரியும் படையும் வைத்திருந்த ராஜாக்கள். 1620-களில் பாம்பெர்கிலும் வூர்ட்ஸ்பெர்கிலும் நூற்றுக்கணக்கான பெண்களையும் ஆண்களையும் குழந்தைகளையும் சூனியம் என்று சொல்லி எரித்தது இந்த ஆயர்-அரசர்களின் ஆட்சி. நிலத்தில் உழைத்தவன் பண்ணையடிமை. அவன் தானியத்தில் பத்தில் ஒன்று அவர்கள் களஞ்சியத்துக்கு. 1525-ல் தாள முடியாமல் எழுந்த குடியானவர்களை வெட்டிச் சாய்த்தார்கள். அவர்களுடைய வாரிசுகளுக்கு இழப்பீடு எவ்வளவு என்று எந்த மாநில பட்ஜெட்டிலும் தேடிப் பார்க்கலாம். இல்லை. எரிந்தவருக்குப் பாக்கி கிடையாது, எரித்தவருக்குத்தான்.

எடுத்தவர்கள் சிற்றரசர்கள். கொடுப்பது பஸ் டிரைவர். தூர்ன் உண்ட் டாக்சிஸ் போன்ற குடும்பங்கள் மடங்களைப் பெற்று அரண்மனையாக்கி வம்சமாக வாழ்ந்தன. அந்தக் குடும்பங்களுக்கு யாரும் பில் அனுப்பவில்லை. சரி, அசலும் வட்டியும் எப்போது தீரும்? தீராது. பெரும்பாலான மாநிலங்களில் இந்தத் தொகையை அரசு ஊழியர் சம்பளத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அங்கே ஏறினால் இங்கேயும் ஏறும். கந்துவட்டிக்காரனிடமாவது ஒருநாள் அசல் தீரும். வட்டியை அநியாயம் என்று நூற்றாண்டுக்கணக்கில் போதித்த திருச்சபைக்கு இது தெரியாமலா இருக்கும்.

இதை முடித்துவிட வேண்டும் என்று 1919-ல் வைமர் அரசமைப்புச் சட்டம் கட்டளையிட்டது. 1949-ல் வந்த சட்டமும் அதே பிரிவை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2020-ல் மூன்று எதிர்க்கட்சிகள் ஒரு மசோதா கொண்டுவந்தன: ஆண்டுத் தொகையைப் போல 18.6 மடங்கைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம் என்று. 1,000 கோடி யூரோ தாண்டும். 2021-ல் நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. அந்த மூன்றில் இரண்டு கட்சிகள் அதே ஆண்டு ஆட்சிக்கு வந்தன, இதை முடிப்பதாகக் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதின, 2024-ல் கூட்டணி உடைந்தது, காரியம் நடக்கவில்லை. மாநிலங்கள் சொன்ன காரணம்: பணமில்லை. முடிக்கப் பணமில்லை, கொடுத்துக்கொண்டே இருக்கப் பணமிருக்கிறது.

பள்ளிக்கூடம் நடத்துகிறார்களே, ஆஸ்பத்திரி நடத்துகிறார்களே என்று உடனே ஒரு குரல் வரும். நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரியின் செலவைக் காப்பீட்டுக் கழகங்களும் அரசும் கொடுக்கின்றன, குழந்தைகள் பள்ளியின் பெரும்பங்கை நகராட்சியும் மாநிலமும் கொடுக்கின்றன. திருச்சபை கொடுப்பது பெயர்ப் பலகையும் படுக்கையறைச் சட்டமும். பான் நகரத்துக்குப் பக்கத்தில் கோனிக்ஸ்வின்டரில் ஒரு குழந்தைகள் பள்ளியின் தலைமை ஆசிரியை, கணவரைப் பிரிந்து வேறொருவரோடு வாழப் போனார். வேலையை விட்டுப் போ என்றது பங்குத் திருச்சபை. பெற்றோர் கொதித்தெழுந்தார்கள்; 2012-ல் நகராட்சி, திருச்சபையின் கையிலிருந்து பள்ளியையே எடுத்துவிட்டது. டூசல்டோர்ஃபில் ஒரு தலைமை மருத்துவர், விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்ததற்காக 2009-ல் வேலை இழந்து, ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2019-ல்தான் நியாயம் பெற்றார். 2022-ல் ஆயர்கள் விதியைத் தளர்த்தினார்கள். கருணையால் என்று சொல்ல ஆசைதான். ஆள் கிடைக்கவில்லை என்பது பொருத்தமாகப் படுகிறது.

வந்த பணம் எங்கே போகிறது என்பதற்கு லிம்பர்க் போய்ப் பார்க்கலாம். ஆயர் ஃப்ரான்ஸ்-பீட்டர் தெபார்ட்ஸ்-ஃபான் எல்ஸ்ட் அங்கே கதீட்ரலுக்கு எதிரே ஓர் இல்லம் கட்டினார். ஊருக்குச் சொன்ன செலவு 55 லட்சம் யூரோ. முடிந்தபோது 3 கோடியே 10 லட்சம். ரோமாபுரியின் ஒப்புதல் தேவைப்படும் வரம்பைத் தாண்டாமலிருக்க, ஒரே கட்டடத்தைப் பத்துத் திட்டமாக நறுக்கியிருந்தார்கள் என்று விசாரணை அறிக்கை சொன்னது. ஒரு குளியல் தொட்டி 15,000 யூரோ. வண்ணமீன் குளம் 2 லட்சத்து 13 ஆயிரம். ஆயர் அதற்கு முந்தி 2012-ல் நம் பெங்களூருக்கும் எழுந்தருளினார், ஏழைகளைப் பார்க்க, விமானத்தில் முதல் வகுப்பில். ஏழ்மையை அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் போலும். முதல் வகுப்பா என்று பத்திரிகைக்காரர் கேட்டதற்கு இல்லையென்றார், கோர்ட்டில் பொய்ப் பிரமாணமும் கொடுத்தார், 20,000 யூரோ கட்டி வழக்கை முடித்துக்கொண்டார். 2014-ல் போப் பிரான்சிஸ் அவருடைய ராஜினாமாவை ஏற்றார். பிறகு வாத்திக்கானில் வேலை கொடுத்தார்கள். மறைக்கல்வித் துறையில்.

இனி இன்னொரு விலைப்பட்டியல். குருக்களால் பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளுக்கு ஜெர்மன் ஆயர்கள் 2011-ல் நிர்ணயித்த தொகை வழக்கமாக அதிகபட்சம் 5,000 யூரோ. இழப்பீடு என்று பேர் வைக்கவில்லை. துன்பத்தை அங்கீகரிக்கும் தொகையாம். ஒரு குளியல் தொட்டிக்கு மூன்று குழந்தைகள். ஒரு மீன் குளத்துக்கு நாற்பத்திரண்டு. பத்து வருஷம் கழித்து 50,000 வரை என்று உயர்த்தினார்கள். ஆயர்களே செய்வித்து 2018-ல் வெளியான ஆய்வு, 1946 முதல் 2014 வரை 3,677 பாதிக்கப்பட்டவர்களையும் 1,670 குருக்களையும் கோப்புகளில் கண்டது. கோப்புகள் இருந்த இடத்தில் கண்டது. அழித்ததற்கும் திருத்தியதற்கும் அடையாளங்களைக் கண்டது. கொலோனில் கர்தினால் மைஸ்னர் இத்தகைய காகிதங்களைத் தனியாக ஒரு கோப்பில் வைத்திருந்தார். மேலே எழுதியிருந்த தலைப்பு: பனிமூட்டத்துச் சகோதரர்கள். 1803-ல் மடங்களும் நிலங்களும் கைவிட்டுப் போனதை இன்றுவரை மறக்காத அதே நிறுவனத்துக்கு, 1980-களில் எந்தப் பாதிரியாரை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஏன் மாற்றினோம் என்று கேட்டால் பனிமூட்டம் கவிந்துவிடுகிறது.

அதே கொலோனில், சூதாடிக் கடன்பட்ட ஒரு குருவை மறைமாவட்டம் மீட்டது. கடனும் அதன்மேல் வந்த வரியுமாக 11 லட்சம் யூரோவுக்கு மேல். துஷ்பிரயோக விவகாரத்தைச் சமாளிக்க அறிக்கை எழுதுவோர், வழக்கறிஞர், மக்கள் தொடர்பு ஆலோசகர் என்று போனது சுமார் 28 லட்சம். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்துவந்த நிதியிலிருந்தே இவற்றுக்கும் கைவைத்தார்கள். இதே மறைமாவட்டம் 2015-ல் தன் சொத்து 335 கோடி யூரோ என்று தானே கணக்குக் காட்டியிருந்தது. குழந்தையாயிருந்தபோது 300 தடவைக்கு மேல் கெடுக்கப்பட்ட ஒருவர் 2023-ல் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் 3 லட்சம் யூரோ கிடைத்தது.

அடுத்து ஆகன் மறைமாவட்டம். சார்லமேன் பேரரசன் அடங்கிக் கிடக்கும் கதீட்ரல் அங்கேதான். பழைமையை எப்படிப் போற்ற வேண்டும் என்று தெரிந்த ஊர். சிறுவயதில் குருக்களிடம் சிக்கிச் சீரழிந்தவர்கள், முதுமை நெருங்கும் வயதில் அந்த மறைமாவட்டத்தின் மேல் இழப்பீட்டு வழக்குப் போட்டார்கள். திருச்சபைத் தரப்பு வக்கீல்கள் எழுந்து நின்று சொன்ன வாதம்: சம்பவம் நடந்து நெடுங்காலமாகிவிட்டது, வழக்கு காலாவதியாகிவிட்டது.

1803-க்கான அடுத்த தவணை அந்த ஆண்டும் தவறாமல் வந்து சேர்ந்தது. காலாவதியாகிவிட்டது என்று யாரும் அதைத் திருப்பி அனுப்பவில்லை.