ஹால்ஸ்டெட் அய்யாவின் லாக் புக்

அமெரிக்காவின் பால்டிமோரில் 1889-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. அங்கே அறுவை சிகிச்சை கற்க வந்த இளம் டாக்டருக்குப் பயிற்சி எத்தனை வருஷம்? அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட் போதும் என்று நினைக்கிறவரை. பயிற்சி டாக்டருக்கு ரெசிடென்ட் என்ற பெயரே சும்மா வந்ததில்லை. பையன் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தான். கல்யாணம் காட்சி என்று பேச்செடுக்கக் கூடாது. அடிவாரத்தில் பலர் நுழைய, உச்சிக்கு ஒருவன்தான் போவான். மதிப்பீட்டுப் படிவம், மதிப்பெண் பட்டியல் எல்லாமே அய்யாவின் புருவம்தான். அது சும்மா இருந்தால் பாஸ். நெளிந்தால் ஊருக்கு டிக்கெட்.

அய்யா மட்டும் என்ன யோக்கியம்? 1884-இல் கோகெய்னை மரப்பு மருந்தாகத் தன் உடம்பிலேயே குத்திப் பார்க்கப்போய் அதற்கே அடிமையானவர். மீள்வதற்கு மார்ஃபினைப் பிடித்தார். கொள்ளிக்கட்டையால் தலை சொறிந்த கதைதான். மார்ஃபின் கடைசிவரை விடவில்லை. சட்டைகளைச் சலவைக்குப் பாரீஸுக்கு அனுப்புவார். கோடை வந்தால் வட கரோலினாவின் மலைப்பண்ணைக்குப் போய்விடுவார், மாதக்கணக்கில் ஆளைக் காணாது.

அவரைப் பற்றி யாராவது எழுதி வைத்தார்களா? வைத்தார்கள். சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் மார்ஃபின் விவரத்தை ஒரு ரகசிய நோட்டில் எழுதிப் பூட்டிவிட்டார். அது வெளியே வந்தது 1969-இல். ஹால்ஸ்டெட் காலமானது 1922-இல். பின்னூட்டம் சற்றே தாமதம்.

இந்த லட்சணத்தில் நடந்த பயிற்சியிலிருந்து ஹார்வி குஷிங், வால்டர் டேண்டி மாதிரி மகா கெட்டிக்காரர்கள் வந்தார்கள் என்பதுதான் எரிச்சலான சங்கதி. புருவத்தில் தோற்று ஊர் திரும்பியவர்களின் பெயரை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டன்காரர்கள் புருவத்தை நம்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 2005 ஆகஸ்டில் இரண்டு வருட ஃபவுண்டேஷன் பயிற்சி வந்தது, பின்னாலேயே பயிற்சியைப் பதிவுசெய்யும் இ-போர்ட்ஃபோலியோவும். 2007-இல் அறுவை சிகிச்சை பயிலும் டாக்டர்களுக்கென்று ஐ.எஸ்.சி.பி. வலைதளம். அதற்குக் கட்டணம் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 125 பவுண்டாக இருந்தது, பயிற்சி டாக்டர் கையிலிருந்தே. பிரம்பு வாங்கவும் பையனிடமே காசு.

யோசனை என்னவோ தங்கமானது. மினி-செக்ஸ் என்ற மதிப்பீட்டையே எடுங்கள் (பெயர் வைத்தவர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவில்லை போலிருக்கிறது). அமெரிக்காவில் ஜான் நார்சினி குழு 1995-இல் எழுதியது: மூத்த டாக்டர் பக்கத்தில் நின்று, இளையவர் நோயாளியைப் பார்ப்பதைப் பார்த்து, அங்கேயே நிறை குறை சொல்ல வேண்டும். நடைமுறையில் மூத்தவர் பார்த்ததெல்லாம் மின்னஞ்சலைத்தான். பயிற்சி டாக்டர் கன்சல்டன்டுக்கு மதிப்பீடு கேட்டு 'டிக்கெட்' அனுப்புவார், அது கிடக்கும். நினைவூட்டுவார், அதுவும் கிடக்கும். வருடாந்தர ஆய்வு நெருங்கியதும் ஊரெல்லாம் டிக்கெட் பறக்கும். அக்டோபரில் பார்த்த நிமோனியாக்காரருக்கு மே மாத நள்ளிரவில் மதிப்பெண். கன்சல்டன்ட் எல்லாக் கட்டத்திலும் 'எதிர்பார்ப்புக்கு மேல்' என்று அமுக்கிவிட்டு, 'மேம்படுத்த வேண்டியவை' என்ற இடத்தில் 'தொடர்ந்து படிக்கவும்' என்று தட்டிவிட்டுப் படுக்கப் போவார்.

இ-போர்ட்ஃபோலியோவில் இன்னொரு பெட்டி உண்டு, 'சிந்தித்து எழுதுக'. என்ன நடந்தது, என்ன உணர்ந்தீர்கள், அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள்? ராத்திரி டியூட்டி முடித்தவன் உணர்வது பசியைத்தான். எழுதுவதோ குழுப்பணியின் மகத்துவத்தைப் பற்றி.

இந்தப் பெட்டியை ஹால்ஸ்டெட்டிடம் நீட்டிப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. 1882-இல், நடுராத்திரி தாண்டி இரண்டு மணிக்கு, சமையலறை மேசையில் தன் தாயாரைப் படுக்கவைத்துப் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்தாரே, அதை நிரப்பட்டும்.

என்ன உணர்ந்தீர்கள்? வெளிச்சம் போதவில்லை.

அடுத்த முறை என்ன மாற்றுவீர்கள்? மேசையிலிருந்து ஊறுகாய் ஜாடியை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வேன்.

நோயாளியின் கருத்து? பிழைத்துக்கொண்டார். ஆனால் மதிப்பிடுபவர் ரத்த உறவாக இருந்தால் செல்லாதாம்.

அய்யா புருவத்தை நெளித்தபடி 'சமர்ப்பி'யை அமுக்குகிறார். திரை சிவக்கிறது: மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் முகவரி காலியாக உள்ளது.