கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது கணக்கில் வருமா?

கே: எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வருகிறேன். அதற்கு மேல் உடற்பயிற்சி வேறா? (வாசகர், ஒரகடம்)

ப: நியாயமான கோபம். ஆனால், ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை நாள் முழுக்க முடுக்கினால் தோள்பட்டைதான் தேயும், மூச்சு வாங்காது. வேகமாக நடந்தால் இதயம் கொஞ்சம் உழைத்துவிட்டு இளைப்பாறும். லைனில் அந்த இளைப்பாறல் சூப்பர்வைசர் கையில் அல்லவா இருக்கிறது! ஆகவே களைப்பை உடற்பயிற்சிக் கணக்கில் எழுத முடியாது. ஓ.டி.யிலும் எழுத மாட்டார்கள்.

கே: தெருமுனைக்கே கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. நடக்க வாய்ப்பு ஏது? (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

ப: லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒரே பஸ்தான்! நம் கம்பெனி பஸ்ஸிலோ அத்தனை பேரும் டிரைவர் கட்சி. பாதிப் பேர் தூக்கத்தில் வேறு. வீடு திரும்பும்போது ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடங்கள். ஊருக்குள் மட்டும். கண்டெய்னர் லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்தியவர்கள், பல இடங்களில் நடப்பவருக்கு ஓரடி இடம் விடவில்லை. அங்கே நடந்தால் இதயத்துக்கு நல்லது, உயிருக்கு ஆபத்து. நடைபாதை கேட்டு மனுக் கொடுங்கள்; ஆபீஸ் ஆபீஸாக அலைவதே நல்ல நடை.

கே: தினமும் 10,000 அடி நடந்தே ஆகவேண்டுமா? (வாசகி, இருங்காட்டுக்கோட்டை)

ப: அது 1965 வாக்கில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்கச் சொன்ன எண். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்கும் நடை. துண்டு துண்டாகவும் நடக்கலாம்.

கே: ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிறது. காலையில் எழவே மனம் வரவில்லை. (வாசகி, வல்லம் வடகால்)

ப: காலையில்தான் நடக்க வேண்டும் என்று யார் சொன்னது? நைட் ஷிஃப்ட்காரருக்கு மாலை நான்கு மணிதான் விடியல். ரூம் தோழியையும் இழுத்துக்கொண்டு போங்கள். சூப்பர்வைசரைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தால் தூரம் தெரியாது.

கே: ஆரம்பிக்கிறேன், விட்டுவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. (வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

ப: உங்கள் ஊரில் பிறந்த ராமானுஜர், மந்திரப் பொருள் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்தார் என்பது வைணவ மரபு. 17 முறை வெறுங்கையோடு திரும்பினாராம். உங்களுக்கு இது எத்தனையாவது முறை?