பாபினுக்கா இத்தனை காசு?

மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது, சிமென்ட் இருக்கிறது, கடல்தான் இல்லை. அதனால் என்ன? புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா பழகி வந்த நம்மூர்த் தம்பிகள் ஃபிங்கர் ஸ்பூல் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆரஞ்சா, ஊதாவா? அலுமினியமா, ஸ்டீலா? விவாதம் வாரக்கணக்கில் ஓடுகிறது. மில்லில் ஆயுசைக் கழித்த தாத்தா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இந்தப் பாபினுக்கா இத்தனை காசு?" என்கிறார்.

தாத்தா சொல்வதில் தப்பில்லை. நடுவில் துளை, சுற்றிலும் பின்னிய நைலான் கயிறு, இருபுறமும் கொக்கி வைத்த கிளிப். மூழ்கியவர் இருக்குமிடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவையைக் கீழிருந்தே மேலே அனுப்ப வேண்டும், அதற்குத்தான் இது. நீரோட்டத்தில் கயிறு செங்குத்தாக நிற்காது. ஆகவே ஆழத்தைவிட நீளம் கூடுதலாக வேண்டும். ஸ்டீல் ஸ்பூல் பளபளக்கும். கைநழுவினால் அதே பளபளப்போடு கடலடிக்குப் போகும்.

நிறம் தேர்ந்த நேரத்தில் கொஞ்சம் பழகியிருக்கலாம். 10 மீட்டரில் ஊதிய காற்று மேலே வரும்போது இரு மடங்காகும். மிதவையை முழுக்க நிரப்பவே வேண்டாம். ஸ்பூல் விரல்களுக்கு நடுவே தடையின்றிச் சுழல வேண்டும். சிக்கிக்கொண்டால் உடனே கைவிட வேண்டும். காசு கொடுத்தவர் விடுவாரா? கிளிப்பை உடுப்பில் மாட்டிக்கொண்டு, மிதவையோடு தானும் கிளம்புவார். அந்த வேகம் நுரையீரலுக்கு ஆகாது.

முப்பது மீட்டர் பிளாஸ்டிக் ஸ்பூலே தாராளமுங்க. மிச்சக் காசுக்கு நீச்சல் குளத்தில் பயிற்சியாளரோடு பழகுங்க. கல்குழிப் பக்கம் மட்டும் போயிராதீங்க.