சீசன் முடிஞ்சிருச்சாம்ல!

என்னா தம்பி, மூஞ்சி தொங்கிக் கெடக்கு? கார் ரேஸு சீசன் முடிஞ்சிருச்சா? அடுத்த மார்ச்சு வரைக்கும் ஞாயித்துக்கெழமைய எப்புடித் தள்ளுறதுன்னு கவலையா? நல்லாக் கவலைப்படு. லயத்துத் தகரம் ஒழுகுறதுக்குக் கவலைப்பட நாங்க இருக்கோம்ல.

எனக்கு நெனவிருக்கு. 2025 நவம்பர் 28ல டித்வா புயல் வந்து மலை சரிஞ்சு, ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியாமக் கெடந்தோம். பத்து நாளு கூட ஆவல. டிசம்பர் 7ல நீ எங்கயோ போயி போனுக்குச் சார்ஜ் ஏத்திக்கிட்டு வந்து அபுதாபி ரேஸு ரோட்டப் பாத்துக்கிட்டிருந்த. சொந்த ஊருல நடக்க வழியில்ல, அடுத்தவன் ரோட்டுல குழி இல்லன்னு ஒனக்கு அம்புட்டுச் சந்தோசம்! நானும் எட்டிப் பாத்தேன், நல்ல ரோடுதான். ஆனா 58 சுத்து சுத்திட்டுப் பொறப்பட்ட எடத்துலயே வந்து நிக்கிறானுங்களே, ஏன்? 300 கிலோமீட்டருக்கு மேலயாம். அந்தத் தூரத்துக்குக் கொழும்புக்குப் போயி சாமானும் வாங்கிக்கிட்டுத் திரும்பியிருக்கலாம்.

அன்னைக்கு மொதல்ல வந்தவன் வெர்ஸ்டப்பன். கப்பு என்னமோ மூனாவதா வந்த நோரிஸுக்கு. இது என்னடா ஞாயம்னு கேட்டேன். வருசம் பூரா 24 ரேஸு, எல்லாப் புள்ளியும் கூட்டணும், 423க்கு 421ன்னு வெளக்கம் சொன்ன. அட, இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? ஒன் பாட்டி மடுவத்துத் தராசு முன்னுக்கு நிக்காத நாளா? குறிச்ச கொழுந்துக் கிலோவுக்கு ரெண்டு கிலோ கொறஞ்சா அரப்பேருதான், அரநாள் சம்பளந்தான். அவ ஒரு நாளும் அழல. இந்த நோரிஸுப் பய ஜெயிச்சுட்டும் அழுவுறான்.

போவட்டும். ரேஸக் கொறை சொல்றேன்னு நெனக்காத. நுவரெலியா ஏப்ரல் சீசனுக்கு மாகஸ்தோட்டையில கார் மலையேறுற போட்டி இருக்கே, அது 1934ல ஆரம்பிச்சது. ரோட்ட மறிச்சு, கொடி புடிச்சு, ஆம்புலன்ஸ ஓரமா நிப்பாட்டி, ஒவ்வொருத்தனாத்தான் விடுவாங்க. தலையில ஹெல்மெட்டு, ஒடம்பச் சுத்தி வாரு. ஏறுவான், எறங்குவான், வீட்டுக்குப் போவான். கிறுக்குதான், ஆனா ஒழுங்கான கிறுக்கு. அம்புட்டு இருந்தும் 2024 ஏப்ரல் 21ல தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் ரேஸுல ஒரு காரு தடம் மாறி, வேடிக்க பாத்த சனத்துக்குள்ள போயிருச்சு. 7 பேரு போயிட்டாங்க. அதுல ஒரு சின்னப்புள்ளயும்.

ஒனக்கு என்ன ஏற்பாடு இருக்கு, சொல்லு. பைக்கு சைலன்சரக் கழட்டிப்புட்டுத் தவலந்தென்னயில இருந்து றம்பொட வரைக்கும் பறக்குறியே, யாரு கொடி ஆட்டுறா? எதிர்ல வர்ற மரக்கறி லொறிக்காரனுக்கு, தானும் போட்டியில இருக்கோம்னு தெரியுமா? தலையில மெக்லாரன் ரேஸுத் தொப்பி. ஹெல்மெட்டு முழங்கையில தொங்குது. முழங்கையத்தான் மொதல்ல காப்பாத்தணும்னு எந்த டாக்டரு சொன்னாரு?

டயரு தந்திரம்னு வேற பேசுற. எந்தச் சுத்துல மாத்தணும், மிருதுவான ரப்பரா, கெட்டியானதான்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒன் பைக்கோட பின்டயரத் தடவிப் பாத்தேன். என் மண்டையில இருக்குற அளவு கூட அதுல ஒண்ணும் இல்ல. குடிக்கிறது கூழு, கொப்பளிக்கிறது பன்னீரு!

சிரிக்காத. அதே ரோட்டுல, கெரண்டி எல்லயில 2025 மே 11 விடியக்காலையில பள்ளத்துல விழுந்தது ரேஸு காரா? கதிர்காமத்துல இருந்து குருநாகலுக்குப் போன சிடிபி பஸ்ஸு. 20 பேருக்கு மேல செத்தாங்க. அந்த எடம் வந்தா நான் இப்பவும் முன்சீட்டுக் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிறேன். நீ அங்கனதான் ஒத்தக் கைய விட்டுட்டு ஓவர்டேக் பண்ற. யாரு பாக்குறான்னு? கொழுந்து எடுக்குற பொம்பளைங்க பாக்குறாங்க. பாத்துட்டு என்ன சொல்றாங்கன்னு ஒன் பாட்டிகிட்டக் கேளு. நான் சொன்னா நல்லாருக்காது.

வெர்ஸ்டப்பனுக்கும் நோரிஸுக்கும் டிசம்பரோட சீசன் முடிஞ்சிருச்சு. காரக் கொட்டகையில போட்டுட்டுப் போயிட்டானுங்க. ஒனக்கு எப்ப முடியும்?

மார்ச்சுல ஆஸ்திரேலியாவுல மறுபடி தொடங்குறாங்களாம். அதுக்குள்ள அந்தப் பின்டயர மாத்திப்புடு. காசு இல்லையா? சரி, அந்தத் தொப்பி என்ன வெலடா?