ஆமையும் தண்டல்காரரும்

வாங்க வாத்தியார் தம்பி, உக்காருங்க. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் ரூமைச் சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். திரையில பந்து உருளுது, ராக்கெட்டு பறக்குது, சரியான விடைக்குக் கைதட்டல் சத்தம் வேற. சும்மா சொல்லக்கூடாது, எங்க ஊர்த் திருவிழா ரெக்கார்டு டான்ஸுக்குக்கூட சனம் இப்படிக் கண்ணு கொட்டாம உக்காந்ததில்ல. கணக்கு எந்தப் பக்கம் நடந்துச்சுன்னுதான் பிடிபடல. கெழவன் கண்ணுல புரைதானே!

அமெரிக்காவுல சீமோர் பேப்பர்ட்டுன்னு ஒரு மனுசன், கூட்டாளிகளோட சேந்து 1967லயே பிள்ளைகளுக்குன்னு 'லோகோ'ங்கிற நிரல்மொழியைச் செஞ்சாராம். பிற்பாடு அதுல ஒரு ஆமையையும் விட்டாக. நட, திரும்புன்னு சொன்னா கோடு போட்டுக்கிட்டே போகும். என் பேத்தி அதுல சதுரம் சுளுவாப் போட்டுட்டா. முக்கோணம்னதும், மூணு கோணமும் 60 தானேன்னு 60 திருப்புனா. ஆமை அறுகோணம் போடக் கெளம்பிருச்சு! புள்ளைக்கு அழுகை முட்டுது. நம்ம மூணு மூலை வயலுக்குக் கூட்டிப்போயி வரப்புல நடக்கவிட்டேன். மூலையில நின்னவ, "தாத்தா, போற திசையிலேர்ந்தில்ல திரும்பணும், 120!"ன்னு கத்துறா. உங்க ராக்கெட்டா இருந்தா அந்த 60க்கு ஒரு செவப்புப் பெருக்கல் குறியோட சோலிய முடிச்சிருக்கும்.

பொட்டி பிள்ளையை ஆட்டக் கூடாது, பிள்ளைதான் பொட்டியை ஆட்டணும்னு பேப்பர்ட் 1980ல புஸ்தகமே போட்டுட்டாரு. நமக்குத்தான் சேதி வந்து சேர கொஞ்சம் லேட்டாகுது. பரவால்ல, பஸ்ஸே லேட்டாத்தான வருது.

ஆமையை விடுங்க, ஊர்க் கணக்குக்கு வாங்க. சந்தைத் தண்டல் தெரியுமில்ல? 10,000 கடன், 1,500 பிடிச்சுக்கிட்டுக் கையில 8,500. தினம் 100, நூறு நாள். பூக்கார அக்கா "நூத்துக்குப் பதினஞ்சுதானே"ங்கும். நீங்க போர்டுல போட்டாலும் மாசம் அஞ்சு வட்டிக்கிட்ட நிப்பாட்டிருவீங்க. அதைப் பிள்ளைகளையே கையில வந்த 8,500லேர்ந்து தொடங்கி எக்ஸெல்ல நூறு வரியாப் போடச் சொல்லுங்க: முந்தின நாள் பாக்கி, அன்னன்னைக்கு வட்டி, கட்டுன நூறு, மிச்சம். நூறாவது நாள் மிச்சம் சைபராகுற வரைக்கும் வட்டியை ஏத்தி எறக்கிப் பாக்கட்டும். நாளுக்கு 0.33 சதவீதத்துக்கிட்ட வந்து நிக்கும். மாசத்துக்கு அது ஏறக்குறையப் பத்து வட்டி! அம்பதாவது நாள்லயே அசல் பாதிக்கிட்டக் கொறஞ்சாச்சு. வட்டியை மட்டும் மொத நாளே முழுசுக்கும் பிடிச்சாச்சு. சூட்சுமம் அங்கதான் ஒளிஞ்சிருக்கு. பத்தாம் வகுப்புப் புஸ்தகத்துல பெருக்குத் தொடர்னு ஒண்ணு மார்க்குக்காகக் கெடக்குமே, அதுக்கு இங்க வேலை இருக்கு.

பொறவு 100ஐ 120 ஆக்குனா எத்தன நாள்ல முடியும், சங்கத்துல கடன் வாங்குனா எவ்வளவு மிஞ்சும்னு அதுகளே நோண்டும். நீங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கலாம். அது உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்.

அடுத்த வகுப்புக்கு வீட்டுத் தண்டல் அட்டையைப் பேரை மறைச்சுக் கொண்டாரச் சொல்லுங்க. ரெண்டே நாள்ல தண்டல்காரர் உங்களைத் தேடி வருவாரு. பயந்துராதீங்க, ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்கார வையுங்க. அவரு மகனும் உங்க வகுப்புலதான் படிக்கிறான்.